ஒரு குடையை வைத்துப் போராட்டத்தைப் பற்றி யோசிக்க வைப்பது எப்படி?

கரும்பலகை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் 'நிகழ்த்துதலும் போராட்டமும்' என்று ஒரு விருப்பப் பாடம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. இயற்பியல், சட்டம், வரலாறு, துணி வடிவமைப்பு, செவிலியர் படிப்பு என ஐந்து துறைகளிலிருந்து 22 மாணவர்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம்.

கோட்பாட்டில் ஆரம்பித்தால் சட்டமும் வரலாறும் படிக்கிறவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். போன வருடம் வேறொரு பாடத்தில் அதுதான் நடந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு தெரிந்த ஒரு பொருளை நடுவில் வைத்து, அங்கிருந்து கிளம்பலாம் என்று நினைத்தேன். முதல் வாரம் ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். "இதைப் பார்த்தால் போராட்டம் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டேன்.

வந்த பதில்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடை என்றால் பாதுகாப்பு. குடை என்றால் ஒற்றுமை, ஒரு குடையின் கீழ் எல்லாரும். ஒரு மாணவன் வெண்கொற்றக்குடையைச் சொன்னான்: அந்த நிழலில்தான் குடிமக்கள் இருப்பதாக அரசன் பெருமைப்பட்டுக்கொள்வான், அதே குடையை அரசுக்கு எதிராக விரிப்பதுதான் போராட்டம் என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்து யாரும் அடுத்த அடி வைக்கவில்லை. அப்புறம் ஹாங்காங்கின் ஜனநாயகப் போராட்டப் படங்களைக் காட்டினேன். 2014 செப்டம்பர் 28 அன்று போலீஸ் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சியபோதும் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியபோதும் கையில் இருந்த குடையை விரித்து நின்றவர்கள், அதற்குப் பிறகு 79 நாள் சாலையில் இருந்தவர்கள். கவனமாகப் பார்த்தார்கள். "ஆமாம் மேடம், பாதுகாப்பு" என்றார்கள். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு செவிலியர் மாணவி மட்டும் மேசையருகில் நின்று குடையை விரித்துப் பார்த்தாள். "இதை ஒரு மணி நேரம் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றால் தோள் என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. இரண்டு மணி நேரத்தில் அது ஒன்றுதான் உயிருள்ள கேள்வி என்று படுகிறது. அந்த மாதிரிக் கேள்விகள் வகுப்பு நடக்கும்போதே வரவேண்டும் என்றால் நான் என்ன செய்யவேண்டும்? எந்தப் பொருளை எடுக்கலாம், எப்படிக் கேட்கலாம்? நாடகம், போராட்ட வரலாறு, வேறு எந்தத் துறை என்றாலும் சரி, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

திரைக்குப்பின் எழுதியது:

மேடம், உங்கள் கேள்வியிலேயே பதில் அடங்கிவிட்டது. "என்ன தோன்றுகிறது" என்று கேட்டால் அர்த்தம்தான் வரும், அதுவும் எல்லாருக்கும் முன்பே தெரிந்த அர்த்தம். ஒத்திகையில் நாங்கள் அப்படிக் கேட்பதே இல்லை. "இது உன் உடம்பை என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்போம். நான் தெருநாடகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். நடித்ததைவிடச் சாமான் சுமந்ததுதான் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்லமுடியும்.

குடையையே எடுத்துக்கொள்வோம். விரித்தவுடன் ஒரு கை போய்விடுகிறது. கை தட்டமுடியாது, பதாகையும் பிடித்துக் கைபேசியும் பிடிக்கமுடியாது. முழங்கை மடங்கி, தோள் மெல்ல ஏறுகிறது. உங்களைச் சுற்றி ஒரு வட்டம் உருவாகி, பக்கத்தில் இருப்பவர் ஒரு அடி விலகுகிறார். கம்பி முனைகள் அடுத்தவர் கண் மட்டத்துக்கு வருகின்றன, அதனால் கூட்டமே அசைவை மாற்றிக்கொள்கிறது. மேலிருந்து எடுக்கும் கேமராவுக்கு முகம் தெரியாது. உங்களுக்கும் முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர அதிகம் தெரியாது. இவ்வளவும் நடந்த பிறகுதான் 'பாதுகாப்பு' என்ற சொல். ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் இதற்கென்றே ஒரு கருத்தை உருவாக்கினார்: ஒரு பொருள் நம் உடம்புக்கு எதைச் செய்ய இடம் கொடுக்கிறது என்று பார்ப்பது. 'இடம் கொடுப்பது' என்று தமிழில் இயல்பாகவே சொல்கிறோம். குடை எதற்கு இடம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்கவில்லை? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து மேசைமேல் வைக்காதீர்கள். மேசைமேல் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசத்தான் தோன்றும். கையில் கொடுத்துவிடுங்கள், முதல் 20 நிமிடம் பேச்சே வேண்டாம்.

அடுத்த வாரத்துக்கு நாற்காலியைச் சொல்வேன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தந்த ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஒரு பாட்டில். ஒரு நாற்காலி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகாரம் உள்ளதாகத் தெரியும்படி அடுக்கவேண்டும். மனிதர்கள் யாரும் அதில் இருக்கக்கூடாது. ஒருவர் அடுக்குவார், மற்றவர்கள் பார்த்து எது பலமான நாற்காலி என்று சொல்வார்கள், இன்னொருவர் வந்து மாற்றுவார். முதலில் எல்லாரும் ஒரு நாற்காலியை மேசைமேல் ஏற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் எல்லா நாற்காலியையும் வரிசையாகப் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கதவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். அந்த இடத்தில் அறை அமைதியாகிவிடும். சட்டம் படிக்கிறவர் நீதிமன்றத்தைப் பார்ப்பார், செவிலியர் மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் கிடக்கும் நாற்காலியைப் பார்ப்பார். நீங்கள் எந்தத் துறையையும் கூப்பிடவேண்டிய தேவை இருக்காது.

அதற்குப் பிறகு போகோட்டாவைச் சொல்லுங்கள். 1985 நவம்பர் 6 அன்று கொலம்பியாவின் நீதி மாளிகையைக் கெரில்லாக்கள் கைப்பற்றினார்கள், ராணுவம் டாங்கிகளோடு உள்ளே போனது, இரண்டு நாளில் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். 17 வருடம் கழித்து, 2002இல் அதே தேதியில், அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்தின் கூரையிலிருந்து டோரிஸ் சால்செடோ என்ற சிற்பி வெறும் மர நாற்காலிகளைச் சுவரோரமாக ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். 53 மணி நேரம், 280 நாற்காலி. பேச்சு இல்லை, பதாகை இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கயிறு, எடை, வேகம், காற்றில் ஆடுவது, ஒன்று இன்னொன்றில் உரசுவது, இதெல்லாம் பொறியியல் கேள்விகள். யார் உட்கார்ந்திருந்த நாற்காலி என்பது வரலாறு. இரண்டையும் உங்களால் பிரிக்கவே முடியாது.

என் அனுபவம் ஒன்று. காணாமல்போனவர்களைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். கடைசிக் காட்சியில் வசனம் எதுவும் இல்லாமல், ஒரு காலி நாற்காலியை நான்கு பேர் தோளில் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். நடக்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை, வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாற்சந்தியில் என் தோள் தாங்கவில்லை என்று இறக்கி வைத்தோம். அது திட்டத்தில் இல்லை. உடனே ஒரு பெரியவர் வந்து "யாருக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். அவர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஓடிவந்து ஏறப்பார்த்த ஒரு சிறுவனையும் அதில் உட்கார விடவில்லை. எட்டு மாதம் ஒத்திகை பார்த்த எங்களுக்கு அந்தக் காட்சி எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. தோள் வலிக்காமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது. அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்.

---

எதிரொலி எழுதியது:

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன், படித்தது இயற்பியல். உங்கள் இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு பொருளைச் சொல்கிறேன்: பாத்திரம்.

1971 டிசம்பரில் சிலே நாட்டில் பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அது அதிபர் அயேந்தேயின் இடதுசாரி அரசுக்கு எதிரான ஊர்வலம். 1973இல் அந்த அரசைக் கவிழ்த்து ராணுவ ஆட்சி வந்தது. 1983இல் மக்கள் அதே பாத்திரங்களைத் தட்டியது பினோசேயின் அந்த ராணுவ ஆட்சிக்கு எதிராக. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்லுங்கள். பொருள் நம் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைக் கொண்டாடுவது எளிது. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதை மறைத்தால் பாடம் பொய்யாகிவிடும்.

பிறகு அது பல நாடுகளுக்குப் போயிற்று. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டபோது. 2009 ஜனவரியில் ஐஸ்லாந்து, வங்கிகள் சரிந்த பிறகு. அங்கே நாடாளுமன்றத்தின் முன்னால் தட்டிய தட்டலில் அந்த மாதமே அரசு விலகியது, அந்த நிகழ்வுக்கே பாத்திரப் புரட்சி என்று பெயர். 2012இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மாணவர் போராட்டத்தை அடக்க ஒரு சட்டம் வந்தது: 50 பேரோ அதற்கு மேலோ கூடுவதானால் எட்டு மணி நேரத்துக்கு முன்பே போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். மக்கள் இரவு எட்டு மணிக்குத் தங்கள் பால்கனியில் நின்று தட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில்தானே நிற்கிறார்? 2021 பிப்ரவரியில் மியான்மரிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாள் இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தது.

சரி, ஏன் பாத்திரம்? எந்த வீட்டிலும் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். நம் காது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிக்குத்தான் மிகக் கூர்மை. மெல்லிய உலோகத்தைக் கெட்டியான கரண்டியால் தட்டும்போது அந்தப் பகுதியில் நிறைய ஒலி பிறக்கிறது. மரக்கரண்டியால் தட்டினால், தொட்டு விலகும் நேரம் நீள்வதால், கூர்மை குறைந்து மந்தமாகக் கேட்கும். பாத்திரத்தைக் கையால் அணைத்துப் பிடித்தால் அதிர்வு செத்துவிடும். கைப்பிடியில் தொங்கவிட்டுத் தட்டவேண்டும். உள்ளே எதையாவது நிரப்பினாலும் அதிர்வு அடங்கிவிடும். நிறைகுடம் தளும்பாது என்று அடக்கத்தைப் புகழ நாம் சொல்கிறோம். இங்கே அதைத் திருப்பிக் கேட்கவேண்டும்: வீட்டில் எதுவும் இல்லை என்று சொல்ல வருகிறவரின் கையில் இருப்பது, இயற்பியல்படியும் உரத்துக் கத்தக்கூடிய பாத்திரம். எனக்கு இது முதல் முறை உறைத்தபோது பதிவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கணக்கும் எளிது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒரே அளவு சத்தமிடும் பத்துப் பாத்திரங்கள் ஒன்றைவிட 10 டெசிபல் கூட, நூறு பாத்திரங்கள் 20 டெசிபல் கூட. காதுக்கு அது நூறு மடங்காகத் தெரியாது. அப்படியானால் நூறு பேர் தட்டுவதால் என்ன லாபம்? மாணவர்களை இங்கே கொஞ்சம் திணற விடுங்கள். எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்று சொல்லமுடியாமல் போவதுதான் அந்த லாபம் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இருட்டு, எதிரெதிர்க் கட்டடங்கள், எதிரொலி, எல்லாத் திசையிலிருந்தும் சத்தம். தட்டுகிறவர் ஒளிந்துகொள்ள அந்தச் சத்தமே இடம் கொடுக்கிறது. திரைக்குப்பின் சொன்ன அதே சொல்.

மூடிய அறையில் செய்யாதீர்கள், காது போய்விடும். வெளியில், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

---

கரும்பலகை எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போகோட்டாவில் நூறு பேர் இறந்திருக்கிறார்கள். மியான்மரில் தட்டியவர்களில் பலர் என்ன ஆனார்கள் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது. நான் குளிர்சாதன அறையில் நாற்காலியை அடுக்கச் சொல்லி, பாத்திரத்தைத் தட்டச் சொல்லி, அவர்கள் கொடுத்த விலையை ஒரு விளையாட்டாக மாற்றிவிடுவேனோ? மாணவர்கள் சிரிப்பார்கள், அது இயல்பு. அந்தச் சிரிப்பை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

---

பழங்காகிதம் எழுதியது:

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள் அம்மா. அது இருக்கும்வரை பாடம் சரியான இடத்தில் நிற்கும்.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2014-15இல் போராட்டப் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளும் கண்ணீர்ப்புகை முகமூடி போன்றவை அங்கே இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் போனதும் ஒரு பொருள் அழகாகிவிடும். நானும் வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்தேன், பொருளை அதன் கையிலிருந்து பிரித்து அட்டை ஒட்டும் வேலை. அட்டையில் தேதியும் அளவும் இருக்கும். தடை உத்தரவின் வாசகம் இருக்காது. அதனால் என் யோசனை: எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும், அன்றைக்கு அதைத் தடுக்க வந்த உத்தரவையும் பக்கத்தில் வையுங்கள். சிரிப்பு தானாக நின்றுவிடும். உங்கள் சட்ட மாணவர்களுக்கும் அங்கேதான் வேலை.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரெஸின் மாயோ சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார் அங்கே வந்து நின்றார்கள். கூட்டம் கூடத் தடை இருந்தது. நிற்காதீர்கள், நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. அவர்கள் நடந்தார்கள், இரண்டு இரண்டு பேராக, நடுவில் இருந்த தூணைச் சுற்றி. வாராவாரம் நடந்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வட்ட நடைக்கு அடவு அமைத்தது போலீசின் உத்தரவு. ஒருவரை ஒருவர் கூட்டத்தில் அடையாளம் காணத் தலையில் கட்டிய வெள்ளைத் துணி, முதலில் குழந்தைக்குக் கட்டும் துணிதான். வீட்டில் எடுத்து வைத்திருந்தது. செவிலியர் மாணவிகளிடம் அதைக் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். எப்படி மடிப்பது என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

தடை எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவுக்குப் பொருள் சிறியதாகிக்கொண்டே போகும் என்பது நான் கவனித்தது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு ஊர்வலங்களுக்குத் தடை வந்தபோது, காலநிலைக்காக நடக்க இருந்தவர்கள் ரிப்பப்ளிக் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான காலணிகளை மட்டும் வரிசையாக வைத்தார்கள். 2013 ஜூன் 17 அன்று இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் எர்டெம் குண்டுஸ் என்ற நடனக் கலைஞர் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சும்மா நின்றார். அவர் காலடியில் ஒரு பை இருந்தது. போலீஸ் அதைச் சோதித்தது. 2012இல் ரஷ்யாவின் பர்னவுல் நகரில், ஆட்களுக்கு அனுமதி கிடைக்காததால் பொம்மைகளின் கையில் பதாகை கொடுத்துப் பனியில் நிறுத்தினார்கள். பொம்மைகள் குடிமக்கள் அல்ல என்று அடுத்த முறை அதற்கும் அனுமதி மறுக்கப்பட்டது. 2022 நவம்பரில் சீனாவில் இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு வெற்றுத் தாளை எந்தப் பிரிவின் கீழ் குற்றம் சாட்டுவது? உங்கள் சட்ட மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியைக் குற்றப்பத்திரிகையே எழுதச் சொல்லுங்கள். எழுத ஆரம்பித்ததும், தாளில் இல்லாத வாசகத்தை அவர்களே எழுதவேண்டி வரும்.

உப்பை விட்டுவிடாதீர்கள். தெரிந்த கதைதான், ஆனால் ஐந்து துறையும் ஒரு பிடிக்குள் இருக்கிறது. 1882 உப்புச் சட்டம், வரி, கடல்நீர் ஆவியாதல், வியர்க்கிற உடம்புக்கு உப்பின் தேவை, அப்புறம் அந்த நடை. காந்தி 1930 மார்ச் 12 அன்று 78 பேரோடு கிளம்பி ஏறத்தாழ 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்தார். ரயிலில் போயிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அந்த 24 நாளும் பத்திரிகைகளுக்குச் செய்தியாக ஓடின. கடைசியில் கையில் எடுத்தது கொஞ்சம் உப்புச் சேறு.

நமக்கு இதில் பழைய முன்னோடியும் உண்டு. கண்ணகி பாண்டியன் அவைக்கு ஒற்றைச் சிலம்போடு வருகிறாள். வாதாடுவது கொஞ்சம்தான். சிலம்பை உடைக்கிறாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. காலில் போடும் அணி அந்த ஒரு நொடியில் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் மாறிவிடுகிறது. அவள் அதை உடைக்காமல் கையில் காட்டிமட்டும் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நிகழ்த்துதல் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

---

ஊசிநூல் எழுதியது:

நான் துணி வடிவமைப்புப் படிக்கிற மாணவி. திரைக்குப்பின் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி எனக்குப் பிடித்தது, ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. எல்லாரும் தெரு, நடை, சத்தம் என்றே பேசுகிறீர்கள். உட்கார்ந்த இடத்தில் கையால் நடந்த போராட்டமும் இருக்கிறது.

சிலேயில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, பிள்ளைகளையோ கணவரையோ பறிகொடுத்த பெண்கள் சாக்குத் துணியில் பழைய துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டுப் படங்கள் செய்தார்கள். சாக்குத் துணிக்கான ஸ்பானியச் சொல்லே அந்தப் படங்களுக்கும் பெயர், அர்பியேரா. பளிச்சென்ற நிறங்கள், மலை, சூரியன், சின்னச் சின்னப் பொம்மை மனிதர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் போலீஸ் வண்டி, 'எங்கே இருக்கிறார்கள்?' என்ற கேள்வி. திருச்சபை அமைப்பு ஒன்றின் உதவியோடு அவை வெளிநாடுகளுக்குப் போய் அங்கே நடப்பதைச் சொல்லின. காணாமல்போனவரின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டுகளும் சிலவற்றில் உண்டு.

நான் அதேபோல ஒரு சின்னத் துண்டு, உள்ளங்கை அளவு, தைத்துப் பார்த்தேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க ஒரே ஆளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், வேறு எதற்கும் மனம் போகவில்லை. மேடம், உங்கள் வகுப்பில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஒரு வாரமாவது ஊசியைக் கொடுத்துப் பேசாமல் இருக்க விடுங்கள்.

குடையைப் பற்றியும் ஒன்று. ஹாங்காங்கில் உடைந்துபோன குடைகளின் துணியைப் பிரித்து, ஒன்றாகத் தைத்துச் சாலைக்கு மேல் பந்தலாகக் கட்டினார்கள். கம்பி ஒடிந்தால் நமக்குக் குடை முடிந்துவிட்டது. தையல் தெரிந்தவருக்கு அங்கே துணி மிச்சம் இருக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

நேற்று வகுப்பு முடிந்தது. உடனே எழுதவேண்டும் போல இருந்தது.

நாற்காலிக்குப் போகவில்லை. குடைக்கே திரும்பினேன், அந்த மாணவிக்கு ஒரு பதில் பாக்கி இருந்ததே. 11 குடை, இரண்டு பேருக்கு ஒன்று. வெளியே திறந்த இடத்தில் நின்றோம். ஒருவர் தலைக்கு மேல் நீட்டிப் பிடிக்கவேண்டும், மற்றவர் பார்த்து எழுதவேண்டும், 15 நிமிடம், பேச்சு இல்லை. செவிலியர் மாணவிதான் நேரம் பார்த்தாள். மூன்றாவது நிமிடத்திலேயே கை மாற்ற ஆரம்பித்தார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒருவன் குடைக்காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டான், அதைப் பார்த்து வரிசையே சாய்த்துக்கொண்டது. பத்தாவது நிமிடத்தில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவர் குடையை மூடிவிட்டு, ஒரே குடையை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். யாரும் சொல்லவில்லை.

உட்கார்ந்து பேசும்போது அந்த மாணவிதான் முதலில் பேசினாள். கையைத் தூக்கி வைத்தே இருந்தால் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் சோர்கிறது என்றாள். அப்படியானால் 79 நாள் இருந்தவர்கள் நிச்சயம் முறை வைத்துத்தான் பிடித்திருப்பார்கள், அந்த முறையை யார் போட்டார்கள் என்று வரலாற்று மாணவன் கேட்டான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் குடைமேல் விசை நான்கு மடங்கு, வரிசையின் ஓரத்தில் நின்றவர்களுக்குத்தான் அது முழுதாக விழுந்திருக்கும் என்று இயற்பியல் மாணவி பலகையில் வரைந்தாள். ஓரத்தில் நிற்க யார் ஒத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அதிலிருந்து வந்தது. சட்ட மாணவி குடையை ஆயுதமாகக் கருதமுடியுமா என்று ஆரம்பித்து, கண்ணீர்ப்புகை வராதவரை அது வெறும் குடை, வந்த பிறகு கவசம், அப்படியானால் அதைக் கவசமாக்கியது யார் என்று கேட்டுவிட்டு நின்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊசிநூல் சொன்ன பந்தலைப் பற்றிச் சொன்னபோது துணி வடிவமைப்பு மாணவிகள் இரண்டு பேர் குடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, எத்தனை முக்கோணத் துண்டுகள், எங்கே தையல் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

சிரித்தார்கள், ஆமாம், முதல் இரண்டு நிமிடம். பழங்காகிதம் ஐயா சொன்னபடி ஒன்று செய்யமுடியவில்லை, ஹாங்காங் உத்தரவின் வாசகம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் புகைக்கு நடுவில் ஒருவர் குடையோடு தனியாக நிற்கும் படத்தை மட்டும் ஒட்டி வைத்தேன். கை வலித்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பாத்திரம், வெளியே, பத்து நிமிடம். இரண்டு சிலே ஊர்வலங்களின் தேதியும் எழுதி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் ஊசி. வீட்டிலிருந்து ஒரு காலிப் பாத்திரம் எடுத்துவரச் சொன்னதும், இதுவரை பேசாத ஒரு மாணவன் கையைத் தூக்கி, "மூடியோடவா, மூடி இல்லாமலா மேடம்?" என்று கேட்டான். இரண்டையும் எடுத்துவா, என்ன வித்தியாசம் என்று நீயே முதலில் தட்டிக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.